சொல்கிறேன், கேளுங்கள்

மராத்தி நடிகை ஹன்சா வாட்கரின் தன்வரலாற்றுக்கு ‘சாங்த்யே ஐகா’ என்று பெயர். சொல்கிறேன், கேளுங்கள் என்று பொருள். 1959இல் அவர் நடித்துப் பெரும் வெற்றி பெற்ற தமாஷா படத்தின் பெயரும் அதுதான். 2013இல் ஆங்கிலத்தில் வந்தபோது நூலின் பெயர் ‘யூ ஆஸ்க், ஐ டெல்’ என்றானது. நீங்கள் கேட்கிறீர்கள், நான் சொல்கிறேன். தமிழில் செவிமடுப்பதற்கும் வினவுவதற்கும் ‘கேள்’ என்ற ஒரே வினை இருப்பதால் இந்த மாற்றம் நம் கண்ணில் படாமல் போகலாம். மராத்தியில் அவர் நம்மை உட்காரவைத்துச் சொல்கிறார். ஆங்கிலத்தில் விசாரணைக்குப் பதில் சொல்கிறார். என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டாரா?” என்பது. அதனால்தானோ என்னவோ, அந்த ஆங்கிலத் தலைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1923இல் ரத்தன் சாள்காவ்கராகப் பிறந்தவர், கலாவந்தின் மரபில் வந்தவர். குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால் 1936இல், பதின்மூன்று வயதில், திரைக்கு அனுப்பப்பட்டார். பெயரும் அப்போது மாறியது. திருமணத்துக்குப் பிறகு நடிப்பை விட்டுவிட விரும்பினார். அவருடைய சம்பாத்தியம் வேண்டியிருந்ததால் விட முடியவில்லை. படிதாண்டினால் பழி, தாண்டாவிட்டால் அடுப்பெரியாது. பணத்தை வாங்கிக்கொண்ட அதே கணவர்தான் அவர்மீது சந்தேகமும் பட்டார்.

இந்த நூலை வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடம் தருவது ஒன்று உண்டு. அடி, குடி, கலைந்த கருக்கள் என்று எதையும் மறைக்காத இந்தப் பெண், தனக்கு ஒரு வீடு வேண்டும், கணவன் குழந்தைகளோடு குடும்பம் நடத்த வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். கலகக்காரியைத் தேடிப்போன நமக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது. அந்தப் பக்கங்களை நான் பல வருடங்கள் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன்.

1941இல் பிரபாத் நிறுவனம் எடுத்த ‘சந்த் சகு’வில் அவர்தான் சகு. புகுந்த வீட்டில் கொடுமைப்படும் மருமகள் பண்டரிபுரம் போக ஏங்குகிறாள். கடவுளே அவள் உருவில் வந்து அவள் இடத்தில் நிற்க, அவள் யாத்திரை போய்வருகிறாள். பின்னாளில் ஹன்சா ஒருவரை நம்பி அவரோடு போய், மராத்வாடா கிராமத்து வீடொன்றில் மூன்றாவது மனைவியாக மூன்று வருடம் முக்காட்டுக்குள் கிடந்தார். அங்கே அவருக்குப் பதிலாக நிற்க யாரும் வரவில்லை. கணவருக்குத் தகவல் அனுப்பி, போலீஸ் வந்து, ஒருவழியாக வெளியே வந்தவரை, அந்த மீட்பின் நடைமுறைகளுக்கு இடையிலேயே ஒரு மாஜிஸ்திரேட் வன்புணர்கிறார். நூலின் மற்ற பகுதிகளைப் போலவே இதையும் ஹன்சா அலங்காரமில்லாமல் சொல்கிறார்.

ஷியாம் பெனகல் இந்த நூலை ஒட்டி எடுத்த ‘பூமிகா’ 1977இல் வந்தது. ஸ்மிதா பாட்டீலுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த படம். நல்ல படம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாஜிஸ்திரேட் படத்தில் இல்லை. கணவன், காதலன், நிலக்கிழார் எல்லோரும் இருக்கிறார்கள். அரசாங்கத்தின் நாற்காலியில் அமர்ந்தவர் மட்டும் கழன்றுகொள்கிறார். அதனால் உஷாவின் கதை ஆண்களிடையே தன்னைத் தேடும் ஒரு பெண்ணின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. ஹன்சா சொன்னது அதைவிடப் பெரியது. குடும்பம், தொழில், சட்டம் மூன்றும் ஒரே உடம்பைப் பங்குபோட்டதை அவர் சொல்கிறார்.

இதையெல்லாம் அவர் தன் கையால் எழுதவில்லை. பத்திரிகையாளர் அருண் சாதுவிடம் சொன்னார். நூல் 1970இல் வந்தது, மறுவருடம் ஹன்சா இறந்தார். எந்தச் சொல் அவருடையது, எந்த வாக்கியம் சாதுவின் கை பட்டது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் வீடு பற்றிய அந்தப் பேச்சு, கேட்டு எழுதியவர் சேர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் வாழ்க்கையை யாரிடமிருந்தும் காப்பாற்றிக்கொள்ள, பூட்டுவதற்கு ஒரு கதவு கேட்டிருக்கிறார் என்றுதான் படித்துக்கொண்டேன். வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன்.

முதுகலை மாணவி ஒருத்தி எழுந்தாள். “அவங்க வீடு வேணும்னு சொல்றாங்க. நீங்க அதுக்கு நல்ல காரணம் தேடிக்கிட்டே இருக்கீங்கம்மா. எங்க அம்மாவும் மில்லுக்குப் போறதை விட்டுட்டு வீட்ல இருக்கணும்னுதான் சொல்வாங்க. களைப்புதான், வேறென்ன?”

நூலைத் திறந்து அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன், இந்த முறை வகுப்புக்குச் சத்தமாக.