கவுண்டி வாங்குவது பரிசோதனையா, தீர்ப்பா?

கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும், அதாவது மாவட்டங்களிலும், அவற்றை ஆளும் மேற்பார்வையாளர் குழு கூடும்போது, விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் தீர்மானங்களுக்கு ஒரு தனிப் பட்டியல் உண்டு. சாலைப் பராமரிப்பு, வாகனக் கொள்முதல் ஆகியவற்றுக்கு நடுவே குழந்தை வன்கொடுமை மருத்துவப் பரிசோதனைக்கான ஒப்பந்தமும் சில சமயம் அதில் வந்துபோகும். இன்ன மருத்துவமனைக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு, இவ்வளவு டாலருக்கு மிகாமல் என்று இரண்டு வரி. பல இடங்களில் டெண்டர்கூட இருக்காது. இந்த ஒப்பந்தத்தில் வேலை செய்யும் மருத்துவரின் அறிக்கையை வைத்துத்தான் ஒரு குழந்தை இன்றிரவு பெற்றோருடன் வீடு திரும்புமா, வளர்ப்பு இல்லத்துக்குப் போகுமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

டெண்டர் விடாததைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. டெண்டர் போட ஆள் இல்லை என்பதுதான் உண்மை. 1962-இல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை அமெரிக்காவை உலுக்கியது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் சந்தேகப்படும் மருத்துவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டன. புகார் வந்த பிறகு காயத்தைப் படித்துச் சொல்லும் நிபுணரை உருவாக்க அந்நாடு எடுத்துக்கொண்ட காலம் அதிகம். குழந்தை வன்கொடுமை மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாகி முதல் சான்றிதழ்த் தேர்வு நடந்தது 2009-இல்தான். குழந்தை மருத்துவம் மூன்றாண்டு, அதற்கு மேல் இந்தப் பயிற்சி மூன்றாண்டு. முடித்தால் மற்றச் சிறப்பு மருத்துவர்களைவிடக் குறைந்த சம்பளமும் நீதிமன்றக் குறுக்கு விசாரணையும் காத்திருக்கும். 33 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நாட்டில் இன்றும் இவர்கள் சில நூறு பேர்தான். இவர்களில் ஒருவரை வேலைக்கு வைத்திருக்கும் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால், கவுண்டி அங்கேதான் போகும்.

அப்படிப் போவதால் குழந்தைக்குக் கிடைப்பது சாதாரணமானதில்லை. அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் பிறவியிலேயே உள்ள நீலத் திட்டைக் கன்றல் என்று எழுதிவிடலாம். அதேபோல, கைக்குழந்தையின் விலா எலும்பில் உள்ள நுண்ணிய முறிவை எக்ஸ்ரேயில் கவனிக்காமலும் விடலாம். பயிற்சி பெற்றவர் உடல் முழுவதையும் எக்ஸ்ரே எடுப்பார், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பார், விழித்திரையைப் பார்க்கச் சொல்வார், எலும்பு எளிதில் நொறுங்கும் பரம்பரை நோயோ ரத்தம் உறையாத குறையோ உண்டா என்று தேடுவார். இது வன்கொடுமை இல்லை என்று ஒரு குடும்பத்தை விடுவிப்பதும் இதே பரிசோதனைதான். இவர்களைப் பற்றிய பொதுப்பேச்சில் இந்தப் பாதி வருவதே இல்லை.

பாலியல் வன்கொடுமைப் பரிசோதனையில் அனுபவத்தின் அருமை இன்னும் கூடுதல். லாஸ் ஏஞ்சலிசின் ஆஸ்ட்ரிட் ஹேகரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சந்தேகத்தின் பேரில் பரிசோதிக்கப்பட்ட 2384 குழந்தைகளில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம்தான் உடலில் அசாதாரண அடையாளம் இருந்தது. அடையாளம் இல்லாததால் குழந்தை பொய் சொல்கிறது என்று ஆகாது, ஜூரிக்கு இதை விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் தேவை. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் 1985-இல் தொடங்கிய குழந்தைகள் மையம் காட்டிய வழியில், போலீஸ், சமூகப்பணியாளர், மருத்துவர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். அதனால் குழந்தை நடந்ததை ஒவ்வொரு அலுவலகத்திலும் மறுபடி மறுபடி சொல்ல வேண்டிய கொடுமையும் குறைந்தது.

பிறகு எங்கே உதைக்கிறது? ஒப்பந்தம் எதை எண்ணுகிறது என்று பார்த்தால் புரியும். எத்தனை பரிசோதனை நடந்தது, அழைப்பு வந்து எத்தனை மணி நேரத்தில் நடந்தது, அறிக்கை எத்தனை நாளில் வந்தது, மாதாந்திரக் கூட்டத்துக்கு மருத்துவர் வந்தாரா. தணிக்கையாளர் சரிபார்க்கக்கூடியவை இவை. மருத்துவர் சொன்னது சரியா என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இருக்காது. கவுண்டி காசு கொடுப்பது மருத்துவரின் நேரத்துக்கு. அவருடைய முடிவு கூடவே வந்து சேர்கிறது.

பணம் கொடுக்கும் முறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பரிசோதனை ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், யாரும் வராத இரவில் விழித்திருக்கும் செவிலியருக்கும், பக்கத்து ஊர் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனைக்கும், சாட்சிக்கூண்டு அழைக்கும்வரை நீதிமன்றத்தில் காத்திருக்கும் பொழுதுக்கும் காசு இல்லை. காப்பீடும் இவற்றுக்குத் தராது. மருத்துவமனை கைக்காசு போட்டு நடத்தும், ஒருநாள் அலுத்துப்போய்க் கைகழுவும். அப்போது சிறிய கவுண்டியின் குழந்தை காரில் பல மணி நேரம் போக வேண்டியதுதான். ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையாகக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. யாரும் வராவிட்டாலும் ஆள் தயாராக இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. எண்ணிக்கையைக் கூட்டினால் வருமானம் கூடும் என்ற ஆசைக்கும் இடமிருக்காது.

எண்ணிக்கைக் கணக்கில் பிடிபடாத பிழை எப்படி இருக்கும் என்பதற்கு கலிபோர்னியாவின் சான் டியேகோ கவுண்டியே சாட்சி. 1989-இல் அங்கே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொடூரமான பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். ஜன்னல் வழியே வந்தவன் தூக்கிப்போனான் என்றாள். அவளுக்கு நேர்ந்த காயத்தில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் செய்தது யார் என்ற கேள்விக்கு, தகப்பன்தான் என்று குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு முன்கூட்டியே விடை எழுதிவிட்டது. வளர்ப்பு இல்லத்தில், மாதக்கணக்கான உளச்சிகிச்சைக்குப் பிறகு, குழந்தையும் தகப்பன் பெயரைச் சொன்னாள். கடைசியில் அவளுடைய உடையில் இருந்த கறையின் டிஎன்ஏ அவர் இல்லை என்று காட்டியது. இரண்டு ஆண்டுக்கு மேல் போய்விட்டிருந்தது. 1992-இல் அந்தக் கவுண்டியின் கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் விசாரணைக் குழு இதைத் தோண்டித் துருவி, அமைப்பின் எல்லா உறுப்புகளும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஆமோதித்தே நகர்ந்தன என்பதை வெளியில் கொண்டுவந்தது. ஒரே கூரையின் நன்மையும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன.

பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டியில் கேள்வி கேட்டவர் ஒரு கணக்கர். கவுண்டியின் தணிக்கை அதிகாரி மார்க் பின்ஸ்லி 2023-இல் 'தவறான நோயறிதலின் விலை' என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். பெற்றோரே குழந்தைக்கு நோயை ஏற்படுத்துகிறார்கள் அல்லது கற்பிக்கிறார்கள் என்ற அபூர்வமான முடிவு அந்த வட்டாரத்தில் மட்டும் அளவுக்கு மீறி எழுதப்படுகிறது என்பது அவர் வாதம். அந்த அறிக்கைக்குக் குறையும் உண்டு. அது பெற்றோர் தரப்பைக் கேட்டது, ரகசியக் காப்புச் சட்டத்தால் வாய் கட்டப்பட்ட மருத்துவமனை ஒவ்வொரு வழக்காக மறுக்க முடியாது. ஓரிடத்தில் எண்ணிக்கை கூடினால் அங்கே நிபுணர் இருப்பதாலும் இருக்கலாம். ஆயினும் ஒரு மருத்துவக் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் கணக்குப் பார்ப்பவருக்கு மட்டுமே இருந்தது என்பதைவிட ஒப்பந்த முறைக்கு வேறென்ன விமர்சனம் வேண்டும்?

பெற்றோர் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். படுக்கையருகே வந்து கனிவாகப் பேசும் மருத்துவர் குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். புலனாய்வுக்காகக் கேட்கிறார் என்பது பிறகுதான் தெரிகிறது. புளோரிடாவில் ஒரு மருத்துவமனைமீது நடந்த, நாடறிந்த வழக்கில், அரசு ஒப்பந்தத்தில் இருந்த தனியார் அமைப்பின் மருத்துவர் தன் வேலை என்ன என்று சொல்லவில்லை என்பது குடும்பத்தின் புகார்களில் ஒன்று. டெக்சாஸ் 2021-இல் ஒரு நல்ல வேலை செய்தது. புகார் கொடுத்த மருத்துவரே அதே வழக்கைக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்காக மதிப்பிடக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அங்கே இருப்பது மாநில அளவில் நடத்தப்படும் மருத்துவ வலைப்பின்னல், அதனால் மாற்று ஆள் கிடைப்பார். ஒரே மருத்துவமனையை நம்பியிருக்கும் கவுண்டி இதைத் தனியாகச் செய்ய முடியாது.

இந்த நிபுணர்களை ஒட்டுமொத்தமாகக் குடும்பம் பிரிப்பவர்கள் என்று சாடும் கூச்சலில் நான் சேரமாட்டேன். தவறவிட்ட ஒரு விலா முறிவுக்கு அடுத்து வருவது சில சமயம் மண்டை முறிவு, அந்தக் குழந்தைக்காக வழக்குப் போட யாரும் இருப்பதில்லை. விலை குறைத்துக் கேட்பவருக்குத் தருவதும் தீர்வாகாது, அனுபவம்தான் முதலில் வெட்டுப்படும்.

செய்ய வேண்டியது ஒப்பந்தத் தாளிலேயே இருக்கிறது. சந்தித்த முதல் நிமிடத்தில் மருத்துவர் தன் பங்கைச் சொல்ல வேண்டும். எத்தனை வழக்கில் வன்கொடுமை இல்லை என்று முடிவானது, எத்தனையில் சொல்ல இயலவில்லை என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முடிந்த கோப்புகளில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்துப் பெயர் நீக்கி வெளியூர் நிபுணருக்கு அனுப்ப வேண்டும். வசதியில்லாத பெற்றோரின் இரண்டாம் கருத்துக்கு ஒப்பந்தத் தொகையிலேயே ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அண்டைக் கவுண்டிகள் நாலைந்து சேர்ந்து, இவர் கோப்பை அவரும் அவர் கோப்பை இவரும் பார்ப்பதாக உடன்பட்டால் செலவும் பெரிதாக ஏறாது. மேற்பார்வையாளர்கள் அந்த இரண்டு வரியை மொத்த ஒப்புதல் பட்டியலிலிருந்து வெளியே எடுத்து, மருத்துவமனையை நேரில் அழைத்து, போன ஆண்டு நீங்கள் சொன்னதில் எது தவறானது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால், இந்தச் சேவையைப் பற்றி அந்த மேசையில் ஒப்பந்தத் தொகை தவிர வேறொன்றும் பேசப்படும்.