சாண்ட் கி ஆங்க்: திரையில் இல்லாத கை

'சாண்ட் கி ஆங்க்' படத்தைப் போன வாரம் இரண்டாவது தடவை பார்த்தேன். 2019 தீபாவளிக்கு வந்த இந்திப் படம். அப்போ பார்த்தபோது எனக்குத் துப்பாக்கி பத்தி எதுவுமே தெரியாது. நடுவில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடப் பழக ஆரம்பித்து மூணு வருஷம் ஆச்சு. வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, கை நடுங்கும். அதனால் இந்தத் தடவை நான் கதையைப் பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டம், ஜோஹ்ரி கிராமம். அங்கே சந்திரோ தோமர், பிரகாஷி தோமர் என்று இரண்டு ஓரகத்திகள். சந்திரோ பேத்தியைத் துப்பாக்கிப் பயிற்சிக்குக் கூட்டிப் போன இடத்தில், அறுபதைத் தாண்டிய வயசில், தானே ஒரு பிஸ்டலை எடுத்துச் சுட்டுப் பார்த்தார். அடி குறியில் விழுந்தது. அப்புறம் இருவருமே பழகி, போட்டிகளில் தங்களைவிட ரொம்பச் சின்னவர்களைத் தோற்கடித்தார்கள். இது கட்டுக்கதை இல்லை, நடந்தது. சந்திரோ 2021 ஏப்ரல் 30 அன்று கொரோனாவில் இறந்துபோனார். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010 உலகக் கோப்பையில் ட்ராப் பிரிவில் வெள்ளி வாங்கியவர்.

துஷார் ஹிராநந்தானி இயக்கிய படத்தில் இந்த இருவராக நடித்தவர்கள் டாப்ஸி பன்னுவும் பூமி பெட்னேகரும். அப்போ ஒருவருக்கு 32 வயசு, இன்னொருவருக்கு 30. இது பற்றி அந்தச் சமயத்திலேயே சண்டை வந்தது. எங்கள் வயசுக்கான வேடத்தையாவது எங்களுக்குக் கொடுங்கள் என்ற அர்த்தத்தில் நீனா குப்தா சொன்னது செய்தியானது. அந்தச் சண்டை முழுக்க வேலை வாய்ப்பு பற்றியது, நியாயம் பற்றியது. நியாயமான சண்டைதான். ஆனால் அதில் யாரும் சொல்லாத ஒண்ணு எனக்கு இப்போதான் தெரிகிறது. இந்தப் படத்தின் விஷயமே ஒரு வயசான கை எப்படி நிலைபெற்றது என்பதுதான். அந்தக் கை படத்தில் இல்லை. தலைமுடிக்கு வெள்ளை பூசலாம், கன்னத்தில் சுருக்கம் ஒட்டலாம். முப்பது வயசுத் தோள்பட்டையை நீட்டிப் பிடித்தால் அது முப்பது வயசுத் தோள்பட்டையாகத்தான் நிற்கும். நடிகை நடுங்கிக் காட்ட வேண்டும், அப்புறம் நடுங்காமல் காட்ட வேண்டும். இரண்டுமே நடிப்பு. நடுவில் நடந்த வேலை எங்கேயும் பதிவாகவில்லை.

அந்த வேலை என்ன என்று பார்ப்போம்.

நடுக்கம் இல்லாத கை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. இருபது வயசு ஒலிம்பிக் வீரருக்கும் நீட்டிய கை விநாடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை மெல்ல அதிரும். வயசானால் இதோடு இன்னொண்ணு சேர்ந்துகொள்ளும். தசையை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அநாதையான தசைநார்களை மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் தத்து எடுத்துக்கொள்ளும். இப்படி எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொன்றின் கீழும் இருக்கும் கூட்டம் பெரிசாகிவிடும். பழைய குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புதுசில் சொட்டுச் சொட்டாகத் திறக்க முடிந்தது, இப்போ திருகினால் ஒரேயடியாக ஒரு வீச்சு வருகிறது. பலம் போச்சு என்பதைவிட நுணுக்கம் போச்சு என்பதுதான் சரி. ஒரு மூட்டையைத் தூக்க முடிகிற கிழவருக்கு, ஊசியில் நூல் கோர்க்கக் கை ஆடுவது இதனால்தான்.

நல்ல சேதி, இதில் கணிசமான பகுதி பயிற்சியால் திரும்பக்கூடியது. லேசான எடையை மெதுவாக, சீராக ஏற்றி இறக்கிப் பழகினாலே வயதானவர்களின் அதிர்வு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய எடை தேவையில்லை.

தோமர் பாட்டிகளின் கதையில் எல்லோரும் சொல்லும் விவரம் தண்ணீர்ச் செம்பு. தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை நீட்டிய கையில் பிடித்துப் பழகினார்கள், வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல். சினிமாவுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் சினிமா இதைத் தவம் மாதிரி ஆக்கிவிடுகிறது: எவ்வளவு நேரம் பிடிக்கிறாளோ அவ்வளவு உறுதி. அதைப் பார்த்து நானும் ஒரு மாசம் செய்தேன். நிமிஷக் கணக்கில் பிடித்து நின்றேன். தோள் வலி வந்ததுதான் மிச்சம். கை நடுங்கும் வரை பிடித்தால் நாம் பழகுவது நடுக்கத்தைத்தான். பிஸ்டலைத் தூக்கிக் குறிக்குக் கொண்டுவந்து சுடுவதற்கு ஆறிலிருந்து எட்டு விநாடிதான் கணக்கு. பத்தைத் தாண்டினால் கண்ணும் களைக்கும், அடக்கிய மூச்சும் முட்டும். சுடாமல் கையை இறக்கிவிட வேண்டும். இந்த இறக்குவது இருக்கிறதே, இதுதான் பழகக் கஷ்டமானது. 75 நிமிஷத்தில் 60 குண்டு. நேரம் தாராளமாகவே இருக்கிறது. ஆனாலும் தூக்கிய கையைச் சுடாமல் இறக்க மனசு வராது, தோற்ற மாதிரி இருக்கும். படத்தில் யாராவது சுடாமல் கையை இறக்கிய காட்சி ஒண்ணாவது என் மனசில் நிற்கவில்லை.

படம் சரியாகச் சொன்ன ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெண்கள் வெறும் கையோடு வரவில்லை. வயல், மாடு, தீவனம், வீட்டு வேலை என்று ஐம்பது வருஷம் உழைத்த முன்கை அது. ஆண்கள் ஹூக்கா பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்க, இவர்கள் உழைத்துக்கொண்டே இருப்பதைப் படம் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் அந்த உழைப்புக்கும் இந்தக் குறிக்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டவில்லை. அது பரிதாபம் வரவழைக்கும் காட்சியாக நின்றுவிடுகிறது. முப்பத்தைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்த என்னைப் போன்ற ஆள், சந்திரோ தொடங்கிய இடத்திலிருந்து தொடங்க முடியாது.

இனி கொஞ்சம் கணக்கு. இதுதான் படத்தின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். கை ஆடாமல் நின்றால் குறி விழும் என்பது படத்தின் நம்பிக்கை. பாதி உண்மை. ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். முன் குறிமுனைக்கும் பின் குறிப்பள்ளத்துக்கும் இடையில் சுமார் 36 சென்டிமீட்டர். கை முழுசாக, துப்பாக்கி திரும்பாமல், 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் இலக்கில் 5 மில்லிமீட்டர்தான் நகரும். இன்னும் பத்துதான். ஆனால் மணிக்கட்டு திரும்பி, முன்முனை பின்பள்ளத்துக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் அது 28 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஏழு புள்ளி. அதாவது பார்க்கிறவர் கண்ணுக்குப் பெரிசாகத் தெரிகிற ஆட்டம் அத்தனை கெடுதல் செய்வதில்லை. கண்ணுக்கே தெரியாத மணிக்கட்டுத் திருப்பம்தான் கெடுக்கிறது.

இது தெரியாத வரை நான் ஆட்டத்தை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தேன். பிடியை இறுக்குவேன், இறுக்க இறுக்க நடுக்கம் கூடும். முன்முனை கறுப்பு வட்டத்துக்குக் கீழே நடுவுக்கு வந்த கணம் "இப்போ!" என்று விசையை இழுப்பேன். விசையின் எடை 500 கிராம்தான், ஆனால் அந்த "இப்போ"வில் மணிக்கட்டும் சேர்ந்து இழுபடும். ஆட்டத்தால் எட்டு விழ வேண்டிய இடத்தில், ஆட்டத்தைத் திருட்டுத்தனமாக ஏமாற்றப் பார்த்து ஆறு விழும். சொல்லிக்கொடுத்தவர் கடைசியில் சொன்னது: அது ஆடட்டும் சார், நீங்க முனையையும் பள்ளத்தையும் மட்டும் சேர்த்துப் பிடிங்க, விசையை ஒரே சீரா அழுத்திக்கிட்டே இருங்க, எப்ப வெடிக்குதுன்னு உங்களுக்கே தெரிய வேண்டாம். ஒரு புள்ளியைக் குறிபார்ப்பதை விட்டு, கறுப்புக்குக் கீழே வெள்ளையில் ஒரு பகுதியைக் குறிபார்க்கச் சொன்னார். ஆட்டம் அந்தப் பகுதிக்குள் இருந்தால் போதும். இது சினிமாவுக்கு ஆகாது. ஆடிக்கொண்டே இருக்கிற கை பத்துப் புள்ளி எடுப்பதைக் காட்டினால் யாரும் விசில் அடிக்க மாட்டார்கள்.

பெயரிலேயே கண் இருக்கிறது. சாண்ட் கி ஆங்க் என்றால் காளையின் கண், ஆங்கில வார்த்தையின் நேர் மொழிபெயர்ப்பு, வேண்டுமென்றே செய்த வேடிக்கை. ஆனால் வயசான கண் பற்றி நான் பார்த்த வரையில் படத்தில் பேச்சே இல்லை. அறுபதில் கையைவிட முதலில் ஏமாற்றுவது கண்தான். குறிபார்க்கும்போது தெளிவாகத் தெரிய வேண்டியது இலக்கு இல்லை, கையெட்டும் தூரத்தில் இருக்கிற முன்முனை. இலக்கு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. வாசிக்கிற கண்ணாடி ஒன்றேகால் அடி தூரத்துக்கு ஆனது, முனை அதைத் தாண்டி இருக்கிறது. தூரப்பார்வைக் கண்ணாடிக்கோ முனை ரொம்பக் கிட்டே. ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போட்டால் எந்தப் பகுதி வழியாகப் பார்ப்பது என்று தலை ஆடும், தலை ஆடினால் எல்லாம் ஆடும். கண்ணாடிக் கடையில் விஷயத்தைச் சொல்லி, தூரப்பார்வை நம்பரோடு முக்கால் டயாப்டர் கூட்டி ஒரே பவரில் ஒரு கண்ணாடி வாங்கினேன். அன்றைக்குக் கை பாதி நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கை நிற்கவில்லை. முனையைத் தேடி அலைந்த கண் நின்றது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் யூசுஃப் டிகெச் படம் உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். 51 வயசு துருக்கிக்காரர், சாதாரணக் கண்ணாடி, ஒரு கை பாக்கெட்டில். ஷெவ்வால் இலைதா தார்ஹானோடு கலப்பு இரட்டையரில் வெள்ளி. வாட்ஸ்அப்பில் எல்லாம் "சும்மா வந்து அடிச்சுட்டுப் போனார்" என்றே போட்டார்கள். அதே பாட்டிக் கதைதான், ஆள் மட்டும் வேறு. பாக்கெட்டில் கை வைப்பது அலட்சியம் இல்லை. ஒற்றைக் கையால் சுடுகிற எல்லோரும் செய்வது. தொங்கும் கை ஊசலாடினால் உடம்பு ஆடும், அதனால் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ கட்டிப்போடுகிறோம். வயசானவர்களுக்கு உடல் சாய்வு கூடுதல் என்பதால் அது இன்னும் முக்கியம். அதே பாரிஸில் ஜார்ஜியாவின் நினோ சலுக்வாட்சே 55 வயசில் தன் பத்தாவது ஒலிம்பிக்கில் சுட்டார். 1988-ல் தங்கம் வாங்கியவர். அவர் படம் யாரும் அனுப்பவில்லை.

மருந்து விஷயம் ஒண்ணு. நடுக்கத்துக்கு டாக்டர்கள் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாதிரியான பீட்டா பிளாக்கர்கள் இந்த விளையாட்டில் தடை. போட்டி இல்லாத நாளிலும் தடை. 2008 பீஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு இதனால் இரண்டு பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இரத்த அழுத்தத்துக்கு இதையே சாப்பிடுகிற வயசானவர்கள் நிறைய. போட்டிக்கு ஆசைப்பட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது குறி தவறுவதைவிடப் பெரிய விபத்து. டாக்டரிடம் கேட்டு, விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. இன்னொண்ணு: கையை நீட்டும்போது ஆடுவது வேறு, மடியில் சும்மா வைத்திருக்கும்போது ஆடுவது வேறு. இரண்டாவது பார்க்கின்சன்ஸ் அறிகுறியாக இருக்கலாம். அதற்குச் செம்பு உதவாது.

எங்கள் கிளப்பில் ஒருவர் வந்துகொண்டிருந்தார், என்னைவிட நாலு வயசு மூத்தவர். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்ததாகச் சொன்னார். முதல் நாள் பத்துக் குண்டில் ஏழு காகிதத்திலேயே படவில்லை. சந்திரோவுக்கு முதல் அடியே பட்டது என்பது அவர் மனசில் அப்படியே உட்கார்ந்திருந்தது. "எனக்கு அந்தக் கை இல்லை போல" என்றார். மூணாவது வாரம் வரவில்லை. போன் பண்ணினேன், முட்டி வலி என்றார். எனக்கு அந்தப் படத்தின் மேல் இருக்கிற கோபத்தில் பாதி இவரால் வந்தது. அவருக்கு இருந்தது கண்ணாடிப் பிரச்சினை என்று இப்போ தோன்றுகிறது. அப்போ எனக்கே அது தெரியாது.

சந்திரோ பாட்டியின் பழைய வீடியோக்கள் யூடியூபில் கிடைக்கின்றன. படத்தைவிட எனக்கு அவை போதுமானதாக இருக்கின்றன. வெள்ளைத் தூள் பூசாத கை.

என் செம்பில் இப்போ முக்கால்வாசித் தண்ணீர், பாத்திரத்தோடு ஒரு கிலோ, ஏறக்குறைய பிஸ்டலின் எடை. காலையில் காபிக்கு முன்னால், ஏனென்றால் காபிக்கு அப்புறம் நடுக்கம் கூடும். எட்டு விநாடி பிடித்து இறக்குகிறேன், ஒரு நிமிஷம் விட்டு மறுபடி, பதினைந்து தடவை. நாளை மறுநாள் அவருக்கு இன்னொரு தடவை போன் பண்ணிப் பார்க்க வேண்டும், கண்ணாடிக் கடை விலாசத்தோடு.