எந்தக் கடலின் மட்டம்?

இந்திய இரயில் நிலையங்களின் மஞ்சள் பலகைகளிலே ஊர்ப்பெயரோடு கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஓர் எண்ணையும், இலங்கையிலே பதுளை இரயில் பாதையில் ஏறிச் செல்கையில் பட்டிப்பொலவுக்கு அருகே ஆறாயிரத்து இருநூறு அடிக்கும் மேற்பட்ட உயரத்தை அறிவிக்கும் பலகையையும் நாம் காண்கிறோம். ஆயினும், எந்தக் கடலின் மட்டம், அதை யார் இந்த மேடைவரை சுமந்து வந்தார் என்று கேட்கும் பிரயாணி அரிது.

சுமந்து வரும் முறை இரு தேசத்திலும் ஒன்றே. மட்டக் கருவியை நடுவில் நிறுத்தி, குமிழியைச் சமனாக்கி, பின்னால் நிற்கும் மட்டக்கோலையும் முன்னால் நிற்கும் மட்டக்கோலையும் தொலைநோக்கி வழியே படித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவ்விரு புள்ளிகளின் உயர வித்தியாசம் கிடைக்கிறது. பிறகு கருவி நகர்கிறது, கோல் நகர்கிறது, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கூடுகிறது. பார்வைத் தூரம் முந்நூற்றைம்பது அடி அளவில் இருந்தால், ஒரு மைலுக்கு ஏழெட்டு முறை இந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும்.

ஆனால் பூமியின் அமைப்பு வேறுபடுவதால் பிழை புகும் வாயிலும் வேறுபடுகிறது. இந்தியாவில் நுண்ணிய மட்ட அளவை 1858-இல் அளவையாளர் வாக்கரின் தலைமையில் கராச்சிக் கடற்கரையிலிருந்து தொடங்கிச் சிந்து சமவெளியின் வழியே வடக்கு நோக்கிச் சென்றது. அத்தகைய சமவெளியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு ஒரே திசையில் பிழைத்தாலும், ஆயிரம் மைல் கடக்கும்போது அது முக்காலடியாகத் திரண்டுவிடும். இதனை அஞ்சியே ஒரே பாதையில் இரண்டு அளவையாளர் தத்தம் கருவியோடு ஒருவர் பின் ஒருவராகச் சென்று, ஒவ்வொரு நிலையிலும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. இருவரும் ஒரே வெயிலில் ஒரே திசை நோக்கிச் சென்றதால் இருவருக்கும் ஒரே பிழை நேரக்கூடும் என்பது அப்பால் உணரப்பட்டுப் போக்கும் வரவுமாக அளக்கும் முறை வந்தது.

இலங்கையின் சங்கடம் தூரமன்று, ஏற்றம். 1800-ஆம் ஆண்டிலேயே நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்ட அத்தீவில், நாடு தழுவிய நுண்மட்ட அளவை 1920களின் பிற்பகுதியில்தான் நடைபெற்றது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் அளவையாளர் ஏறத்தாழ நூறு மைலில் ஆறாயிரம் அடி ஏறவேண்டியவர். மட்டக்கோலின் கோடுகளுக்கிடையிலான இடைவெளி பதினாயிரத்தில் ஒரு பங்கு நீண்டிருந்தால், ஏறி இறங்கும் சமவெளியில் அப்பிழை தானே தேய்ந்துபோகும், மலைப்பாதையிலோ இடைவிடாமல் கூடி ஏழங்குலமாகிவிடும். ஆகவே அங்கே கோலைச் சோதிக்கும் நியமம்தான் பிரதானம். ஓடும் மைலைவிட ஏறும் அடியைப் பற்றியே கவலைப்பட வேண்டும். (ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் கலாவெவக் குளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு வெட்டப்பட்ட ஜய கங்கை என்னும் கால்வாய், தன் முதற்பதினேழு மைலில் மைலுக்கு ஆறங்குலமே சரிகிறது, தொலைநோக்கியில்லாத அந்த அளவையாளரின் நிதானத்தைக் கண்டு அதிசயிக்காமல் இருக்க முடியாது.)

அளப்பதை எங்கே தொடங்குவது என்ற வினா இன்னும் சூக்ஷ்மமானது. தீவுக்குக் கொழும்பில் 1880களில் நடந்த கடல் ஏற்றவற்றக் கணிப்பு ஓர் ஆதாரத்தைத் தந்தது. இந்தியர்க்கோ இரு கடல்கள். 1909-இல் அதுவரை அளந்த வலைப்பின்னலைச் சீர்செய்தபோது, கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது துறைகளிலும் கடலின் சராசரி மட்டம் சூன்யமே என்று வைத்துக்கொண்டார்கள். இது உண்மையைக் கண்டறிந்த முடிவன்று, வசதிக்காகக் கொண்ட ஒப்பந்தம் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் கங்கையும் பிரம்மபுத்திராவும் பொழியும் நன்னீரால் இலேசாகும் வங்காள விரிகுடா, உப்புச் செறிந்த அரபிக் கடலினும் சற்று உயர்ந்து நிற்பது. பம்பாயிலிருந்து நிலத்தின் வழியே அளந்து வந்தவர்கள் சென்னைக் கடலை உயரமாகக் கண்டபோது, தம் கருவியைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். அளவையாளருக்கு அது தகுந்த விநயமே. எனினும் அவர்கள் கண்ட வித்தியாசத்தில் ஒரு பங்கேனும் கடலுக்கே உரியது.

இரு தேசத்தின் மட்டங்களையும் ஒன்றோடொன்று இணைக்கலாமென்றால், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழப் பதினெட்டு மைல் கடல். முக்கோண அளவை மலையிலிருந்து மலைக்குத் தாவும், கடலையும் தாண்டும். மட்டக் கருவிக்கு அந்தப் பாக்கியமில்லை. தியோடலைட்டால் கோணம் பார்த்து உயரம் கணிக்கலாமென்றால், நீர்ப்பரப்பை ஒட்டிய காற்றில் ஒளி வளைந்து கணக்கைக் கெடுத்துவிடும். எனவே இக்கரையில் பத்தடி என்று எழுதிய கல்லும் அக்கரையில் பத்தடி என்று எழுதிய கல்லும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்பதை மட்டக்கோல் கொண்டு தீர்மானிக்க வழியில்லை. செயற்கைக்கோள் தரும் உயரமும் கடலிலிருந்து எண்ணப்படுவதன்று. அதைக் கடல் மட்ட உயரமாக மாற்றுதற்கு இரு கரையிலும் புவியீர்ப்பை அளந்து, ஒரே கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.