றூட் 66: காரில் போனவர்களும் ஊரில் நின்றவர்களும்

1960 ஒக்ரோபரில் தொடங்கி 1964 மார்ச்சில் முடிந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இத்தனை காலம் கழித்து எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். எமக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. 'றூட் 66' தொடரின் 116 பகுதிகளையும் இறுவட்டுகளில் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பின்னர் அந்த எண்ணம் மாறியது.

கதை எளிது. ரொட், வசதியான வீட்டுப் பிள்ளை, யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவன். தகப்பன் இறந்தபோது தொழிலும் நொடித்துப்போய்விட்டது. மிஞ்சியது ஒரு கோர்வெற் கார் மட்டும். மற்றவன் பஸ், நியூயோர்க்கின் ஏழ்மையான பகுதியொன்றில் வளர்ந்த அநாதை. (இந்தப் பெயர் எமது காதில் வேறொரு வாகனமாகவே விழுந்துகொண்டிருந்தது.) மார்ட்டின் மில்னரும் ஜோர்ஜ் மஹாரிஸும் இவர்களாக நடிக்கிறார்கள். இருவரும் ஊர் ஊராகப் போகிறார்கள், கிடைத்த வேலையைச் செய்கிறார்கள், அடுத்த வாரம் இன்னோர் ஊர்.

எம்மை முதலில் எரிச்சலூட்டியது இந்த வேலை விடயந்தான். லூசியானாவில் இறால் படகு, கடலில் எண்ணெய்க் கிணறு, எங்கு போனாலும் இவர்களுக்கு வேலை இருக்கிறது. எவரும் பத்திரம் கேட்பதில்லை. வேலை அனுமதிக்காகக் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு இது பேய்க்கதையைவிட நம்பமுடியாத கதை. போதாததற்கு, அன்றாடக் கூலி வேலை செய்யும் இந்த இளைஞர்களின் கார் ஆண்டுதோறும் புது மொடலாக மாறிவிடுகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று கதையில் ஒரு சொல் கிடையாது. தொடருக்கு விளம்பரப் பணம் கொடுத்த நிறுவனங்களில் செவ்ரொலேயும் ஒன்று என்பது தெரிந்தால் விளங்கும்.

தலைப்பிலுள்ள வீதிகூட ஓரளவு பொய்தான். 1926இல் ஏற்படுத்தப்பட்டு, சிக்காகோவிலிருந்து கலிபோர்னியக் கரை வரை ஓடி, 1985இல் தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட அந்த வீதியில் இத்தொடரின் மிகச் சில பகுதிகளே நடக்கின்றன. ஆனால் அவர்கள் போன ஊர்கள் உண்மையானவை. ஸ்ரூடியோவுக்குள் அட்டைச் சுவர் கட்டிப் படம்பிடித்த காலத்தில் இந்தக் குழு முழுவதும் நாடெங்கும் அலைந்து படம்பிடித்தது. துறைமுகங்களும் ஆலைகளும் பண்ணைகளும் கறுப்பு வெள்ளையில் அப்படியே கிடக்கின்றன. அந்தப் பெறுமதி ஒன்றே போதும் என்போரும் உண்டு.

எமக்கு அது போதவில்லை. பெரும்பாலான பகுதிகளை எழுதிய ஸ்ரேர்லிங் சிலிஃபன்ற் உண்மையில் பயணம் செய்பவர்களைப் பற்றி எழுதவில்லை. ஊரைவிட்டுப் போக முடியாதவர்களைப் பற்றியே எழுதினார். முதற் பகுதியிலேயே இது தெரிகிறது. தெற்கே ஒரு சிற்றூர். யுத்தகாலத்தில் ஒரு ஜெர்மன் போர்க்கைதி அங்கே கொல்லப்பட்டிருக்கிறான். ஊரே வாயை மூடிக்கொண்டு அந்தக் குற்றத்துடன் ஆண்டுக்கணக்காக வாழ்கிறது. எண்ணெய்க் கிணற்றுக் கதையில், வேறு பெயரில் தொழிலாளர்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நாஜிக் குற்றவாளியைத் தேடி ஒருவர் வருகிறார். இளைஞர்கள் இருவரும் இங்கெல்லாம் வெறும் சாட்சிகள். ஊர்க்காரர் அவர்களிடம் பேசுவதற்குக் காரணம், நாளை அவர்கள் போய்விடுவார்கள் என்பதே. அந்நியனிடந்தான் சில விடயங்களைச் சொல்லலாம் என்பது எமக்குப் புதிதல்ல.

1961இல் ஒளிபரப்பான ஒரு பகுதியைத் தனியாகச் சொல்லவேண்டும். முதிய கறுப்பினப் பாடகி ஜெனி மரணப்படுக்கையில் கிடக்கிறாள். பல்லாண்டுகளுக்கு முன்னர் தன்னுடன் வாசித்து, பின்னர் நாடெங்கும் சிதறிப்போன வாத்தியக்காரரைக் கடைசியாக ஒருமுறை கேட்கவேண்டும் என்பது அவள் ஆசை. ரொட்டும் பஸ்ஸும் அவர்களைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஜெனியாக நடித்த எதெல் வோட்டர்ஸ் தாமே 1920களில் புகழ்பெற்ற பாடகி. இந்த நடிப்புக்காக எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வாத்தியக்காரர்களாக வருபவர்களில் கோல்மன் ஹோக்கின்ஸ், றோய் எல்றிட்ஜ், ஜோ ஜோன்ஸ் ஆகியோர் ஜாஸ் உலகின் உண்மையான மேதைகள்.

இங்கேதான் எமக்குள் வாக்குவாதம் வந்தது. தேடிப்போகிறவர்கள் ஏன் இரண்டு வெள்ளை இளைஞர்கள்? அக்காலத்தில் கறுப்பினத்தவர் காரில் நெடும்பயணம் போவதானால் எந்த ஊரில் படுக்க இடம் தருவார்கள், எங்கே சாப்பாடு தருவார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவைக்கவேண்டும். அதற்கென்றே விக்டர் கிறீன் என்ற நியூயோர்க் தபாற்காரர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டுவந்தார். இத்தொடர் ஓடிய நாட்களிலும் அது விற்பனையில் இருந்தது. ரொட்டும் பஸ்ஸும் அப்படியொரு புத்தகத்தைப் புரட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. தொடர் கொண்டாடுகிற சுதந்திரத்தின் விலை இதில் இருக்கிறது. அதை அது சொல்வதில்லை.

நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. அவரது ஊர் நாதஸ்வரக் குழுவில் வாசித்தவர்கள் இன்று நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். "ஆர் கூட்டி வந்தா என்ன, வந்து வாசிச்சினமே, அது காணும்" என்றார். அந்தப் பகுதி முடிந்தபின் நாமும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. எனினும் எமது கேள்வியை நாம் விட்டுவிடவில்லை.

மஹாரிஸ் நோயுற்று விலகியபின் 1963இல் லிங்க் வருகிறான், வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரன். அமெரிக்கா தன் பெரும்படைகளை அங்கு இறக்கியது 1965இல். அதற்கு முன்பே வீட்டுக்குப் போனாலும் வீட்டில் இருக்க முடியாத ஒருவனை இத்தொடர் காட்டிவிட்டது. கிளென் கோர்பெற் மஹாரிஸைப் போல ஈர்க்கவில்லை என்று விமர்சகர் சொல்வர். இருக்கலாம். ஆனால் நால்வரிலோ மூவரிலோ எமக்கு அதிகம் தெரிந்த முகம் அவனுடையது.

கடைசிப் பகுதியில் ரொட்டுக்குக் கலியாணம், லிங்க் ரெக்ஸாசுக்கு வீடு திரும்புகிறான். வேடிக்கையும் மாறுவேடமுமாக அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். அதை நாம் மறுபடி பார்க்கவில்லை. ஜெனியின் பகுதியை மட்டும் நண்பர் இரவல் வாங்கிப் போயிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.