இக்ராரும் இலக்கியமும்: தாபிஷ் கைரின் நாவல்கள்

ஃபிக்ஹு நூல்களில் ‘இக்ரார்’ என்றொரு பாடம் உண்டு. பிறருக்குத் தம்மீதுள்ள உரிமையை ஒருவர் தாமே ஒப்புக்கொள்வது இக்ரார். அதற்கு ஃபுகஹாக்கள் வகுத்த வரையறைகளுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கவை. நிர்ப்பந்தித்துப் பெற்ற இக்ரார் பெரும்பாலான இமாம்களிடத்தில் செல்லாது. மேலும், இக்ரார் ‘ஹுஜ்ஜத்துன் காஸிரா’. ஒப்புக்கொண்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும் ஆதாரம். அதைக்கொண்டு அவருடைய அண்டைவீட்டாரையோ குலத்தாரையோ குற்றவாளியாக்க இயலாது. மேலைநாட்டில் இருந்து எழுதும் முஸ்லிம் படைப்பாளியிடம் எதிர்பார்க்கப்படுவதோ, பல வேளைகளில் இவ்விரண்டையும் மீறிய இக்ரார். அவர் வாய்திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வொப்புதல் சமுதாயம் முழுவதன்மீதும் செல்ல வேண்டும். டென்மார்க்கில் வாழ்ந்துவரும் கவிஞரும் நாவலாசிரியருமான தாபிஷ் கைரை இக்கோணத்திலிருந்து வாசிப்பது பயனுடையது என நாம் கருதுகிறோம்.

1966-இல் ராஞ்சியில் பிறந்து கயாவில் வளர்ந்த கைர், முதுகலை வரை தம் ஊரிலேயே பயின்றவர். இந்திய ஆங்கில எழுத்தாளர் பலருக்கும் வாய்த்த பெருநகரப் பள்ளியும் இங்கிலாந்துக் கல்வியும் அவருக்கு இல்லை. நாளிதழ்ச் செய்தியாளராக இருந்து, பின்னர் டென்மார்க் சென்று கோபன்ஹேகனில் முனைவர் பட்டம் பெற்றார். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து வந்துள்ளார். கவிதையே அவருடைய தொடக்கம். 2010-இல் வந்த ‘மேன் ஆஃப் கிளாஸ்’ தொகுப்பில் காளிதாசரும் காலிபும் டேனிஷ் கதைசொல்லி ஆண்டர்சனும் ஒன்றாக அமர்கின்றனர். எனினும் அவருடைய வலிமை உரைநடையில்தான் வெளிப்படுகிறது என்பது நம் மதிப்பீடு.

அதே 2010-இல் வெளிவந்த ‘தி திங் அபவுட் தக்ஸ்’ நாவலின் களம் விக்டோரியா காலத்து லண்டன். இந்நாவலை வாசிப்போர் அதற்கு முன்னிருந்த நூலொன்றை அறிந்திருத்தல் வேண்டும். நிஜாமின் பணியிலிருந்த ஆங்கிலேயரான மெடோஸ் டெய்லர் 1839-இல் ஒரு நாவல் எழுதினார். ‘தக்’ எனப்பட்ட வழிப்பறிக் கொலைஞர் கூட்டத்தைச் சேர்ந்த அமீர் அலி தன் கொலைகளைத் தானே விவரிப்பதாக அமைந்த நூல் அது. ஆங்கில வாசகர் அதனைப் பெரிதும் விரும்பிப் படித்தனர். ஒரு கற்பனைப் பாத்திரத்தின் ஒப்புதல், ஒரு நாட்டு மக்களின் இயல்புக்கே சான்றாக நின்றது. கைர் அந்தப் பெயர்களையே எடுத்துக்கொள்கிறார். அவருடைய அமீர் அலியை லண்டனுக்கு அழைத்துவருபவர் கேப்டன் மெடோஸ். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைக் கொண்டு மனித இயல்பைக் கணிக்கும் போலி அறிவியலில் ஈடுபாடுடையவர். அமீர் அலியோ கொலைஞன் அல்லன். கேப்டன் கேட்க விரும்பும் கதையைக் கேப்டனுக்குச் சொல்கிறான். உண்மைக் கதையைத் தான் நேசிக்கும் ஜென்னிக்கெனப் பாரசீகத்தில் எழுதிவைக்கிறான். நகரில் தலையற்ற உடல்கள் கிடைக்கத் தொடங்கியதும், அவன் சொன்ன பொய்யே அவன் கழுத்துக்குச் சுருக்காகிறது. நிர்ப்பந்த இக்ராரின் விளைவை இதைவிடத் தெளிவாக ஒரு நாவல் காட்டுவது அரிது.

ஆனால் நாம் கேட்டாக வேண்டிய வினா ஒன்றுண்டு. அமீர் அலியின் பாரசீகக் குறிப்பேட்டையும் நாம் கைரின் ஆங்கிலத்தில்தானே வாசிக்கிறோம்? உண்மை எந்த மொழியில் தங்கியிருக்கிறது என்று நாவல் சொல்கிறதோ, அந்த மொழி நாவலில் இல்லை. கைர் இதை அறியாதவர் அல்லர். 2001-இல் வெளியிட்ட ‘பாபு ஃபிக்ஷன்ஸ்’ என்னும் ஆய்வு நூலில், ஆங்கிலம் கற்ற ‘பாபு’வுக்கும் உழைக்கும் ‘கூலி’க்கும் இடையிலுள்ள அந்நியத்தை அவரே விரிவாக ஆராய்ந்துள்ளார். அறிந்திருந்தும் அந்த இடைவெளியை அவர் எழுத்து கடந்துவிடவில்லை.

2005 செப்டம்பரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரங்களை வெளியிட்ட நாளிதழின் தலைமையகம் அதே ஆர்ஹுஸ் நகரில்தான் இருந்தது. அந்நகரைக் களமாகக் கொண்டு 2012-இல் கைர் எழுதிய அங்கத நாவலில், டாக்சி ஓட்டும் கரீம் பாய் வெள்ளிக்கிழமைகளில் தம் வீட்டில் குர்ஆன் வகுப்பு நடத்துகிறார். அவருடன் குடியிருக்கும் பாகிஸ்தானியக் கதைசொல்லி மார்க்கப் பற்று அற்றவன். அவனுடைய ஐயம் எப்படி வளர்கிறது என்பதே நாவல். நகைச்சுவை கூர்மையானது. ஆயினும் தொழுகையாளியை நாம் எப்போதும் தொழாதவனின் கண்வழியே காண்கிறோம். கரீம் பாயின் உள்ளம் இறுதிவரை நமக்கு மூடிய அறைதான். ஐயத்தைக் காட்ட அது தேவை என வாதிடலாம். நமக்கு அது முழு நிறைவு தரவில்லை. 2016-இல் வந்த ‘ஜிஹாதி ஜேன்’ அக்குறையை ஓரளவு தீர்க்கிறது. சிரியாவுக்குச் சென்று மீண்ட ஜமீலா என்னும் பிரிட்டிஷ் முஸ்லிம் பெண் தன் ஈமானையும் தான் ஏமாந்ததையும் தன் குரலிலேயே சொல்கிறாள்.

2018-இல் வந்த ‘நைட் ஆஃப் ஹாப்பினெஸ்’ இவை அனைத்தினும் சிறியது, செறிந்தது. தொழிலதிபர் மெஹ்ரோத்ரா, தம் நம்பிக்கைக்குரிய ஊழியர் அஹ்மதின் வீட்டுக்குப் பராஅத் இரவன்று செல்கிறார். மனைவி செய்த ஹல்வா என்று அஹ்மத் பரிமாறும் தட்டில் ஒன்றுமே இல்லை. அஹ்மத் அதை உவப்போடு உண்கிறார். திகைத்த முதலாளி, ஊழியரின் கடந்த காலத்தைத் துப்பறியச் செய்கிறார். வகுப்புக் கலவரத்தின் நிழல் மெல்ல விரிகிறது. அவ்விரவின் சிறப்புப் பற்றிய ஆலிம்களின் விவாதம் இங்கு நமக்கு வேண்டியதில்லை. தலைப்பு அதை மகிழ்ச்சியின் இரவு என்கிறது. ‘பராஅத்’ என்னும் அரபுச் சொல்லோ குற்றச்சாட்டிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் நீங்கியிருத்தலைக் குறிக்கும். நிரூபிக்கப்படும்வரை ஒருவர் பொறுப்பற்றவர் என்பதே மூலநிலை என்ற ‘பராஅத்துத் திம்மா’ விதியிலும் இச்சொல்லே வருகிறது. மெஹ்ரோத்ரா தீயவர் அல்லர். ஊழியரிடம் மெய்யான பரிவும் உடையவர். அப்படியிருந்தும், வெறும் தட்டைக் கண்டதும் அவர் செய்த முதல் வேலை விசாரிக்க ஆள் அமர்த்தியது. கைரைப் புதிதாக வாசிக்க விழைவோர் இச்சிறு நாவலிலிருந்து தொடங்கலாம்.