சட்டத்தின் எழுவாய் யார்?

சர்க்கார் விதிகள் பெருகப் பெருகத் தனிமனிதனின் உரிமை தேயும் என்பது ஒரு கட்சி. விதியில்லாத இடத்தில் வலியவன் சொல்லே விதியாகும். ஆதலின் எளியவனுக்குச் சட்டமே அரண் என்பது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியினரும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். அவர்கள் காட்டும் சான்றுகளோ பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. இவ்வழக்கிற்கு வேண்டிய சாட்சியங்கள் நமது தோட்டப்புறத்திலேயே நூறாண்டுக்கு மேலாகக் குவிந்து கிடக்க, அவற்றைப் புரட்டிப் பார்ப்பார் அரியர். ஆகவே, மலாயாத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய சட்டங்களை ஒரு நூலாக வைத்துக்கொண்டு அதன் குணதோஷங்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இலக்கியப் பகுதியில் சட்டத்துக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஒரு நூலை மதிப்பிடுவோர் அதில் வரும் மாந்தரை நோக்குகின்றனர். யார் பேசுகின்றார், யார் வாய்மூடி நிற்கின்றார் என்று பார்க்கின்றனர். சட்டமும் மாந்தரைப் படைக்கும் நூலேயாம். காவியம் படியாத தொழிலாளி உண்டு; சட்டத்தால் எழுதப்படாத தொழிலாளி இல்லை. லிங்கியில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் நாட்கணக்குப் பதியும் நம் போன்ற கிராணிமார்க்கு இந்நூல் நித்திய பாராயணம். இங்கிலீஷ் பள்ளியில் நாம் கற்ற முதற் பயிற்சி, ஒரு வாக்கியத்தைப் பிரித்து அதன் எழுவாய் யாது, பயனிலை யாது, செயப்படுபொருள் யாது எனக் காண்பது. அப்பயிற்சியையே இந்நூலுக்கும் இட்டுப் பார்ப்போம்.

விதியே உரிமைக்குப் பகை என்பார்க்கு நமது லிங்கியாறே விடை கூறும். முன்னாளில் சுங்கை ஊஜோங் ஈயம் இவ்வாற்றின் வழியே கடலுக்குச் சென்றது. கரையோரத் தலைவர்கள் படகுகளை மறித்து வரி வாங்கினர். 1874-இல் ஆங்கிலேயர் சுங்கை ஊஜோங் டத்தோ கிளானாவுடன் உடன்படிக்கை செய்து, ஆற்றுவழியைத் தடையின்றி வைக்கும் பொறுப்பை அவரிடம் சேர்த்தனர். வணிகர் பெற்ற அவ்விடுதலை விதியின்மையால் வந்ததன்று. சிறிய அதிகாரங்களைப் பெரிய அதிகாரம் ஒன்று அடக்கியதால் வந்தது. சுதந்திர வியாபாரத்தின் அடியிலும் ஒரு சாசனம் இருந்தது. ஆனால் அச்சாசனம் ஈயத்தின் சுதந்திரத்தையே நினைத்தது. மனிதரின் சுதந்திரம் அதற்குப் பொருளன்று.

மனிதரைப் பற்றிய முதல் அதிகாரம் ஒப்பந்தக் கூலி முறை. அதில் தொழிலாளி கைநாட்டு இட்டான்; அந்த ஒரு செயலோடு அவன் எழுவாய்த் தன்மை முடிந்தது. தவணை தீருமுன் வேலையை விட்டுச் சென்றால், அது வெறும் வாக்குத் தவறுதலாகக் கருதப்படாமல் குற்றமாயிற்று. சிறைத் தண்டனையும் கிட்டிற்று. சர்க்கார் இங்கே முதலாளியின் பிரம்பாக நின்றது. எனினும் 1910-இல் அம்முறையை நிறுத்தியதும் சர்க்கார் விதியே. வேலையை விட்டவனைச் சிறையிடும் பிரிவுகள் 1920-களின் தொடக்கத்தில் நீங்கியதும் சர்க்கார் விதியாலேயே. விலங்கைப் பூட்டிய கையே அதைக் கழற்றிற்று என்றால், விதி நல்லதா தீயதா என்னும் பொதுக் கேள்வி பயன்படாதென்பது விளங்கும்.

இரண்டாம் அதிகாரம் காப்புச் சட்டங்கள். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் வரி செலுத்தினர். அதிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பட்டமையால், வந்திறங்குபவன் தலையில் பயணக் கடன் ஏறவில்லை. 1922-இல் இந்திய சர்க்கார் குடியகல்வுச் சட்டம் செய்தது. அதன் பயனாக இந்தியாவின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்தார். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கிற்று. இவையனைத்தும் மெய்யான நன்மைகள். காய்ச்சலில் விழுந்தவனுக்கு மருந்து கிடைத்ததை, அது சர்க்கார் கட்டாயம் என்பதற்காக இகழ்வது அறிவுடைமையாகாது.

ஆயினும் வாக்கியங்களைப் பிரித்துப் பாருங்கள். முதலாளி கொடுத்தல் வேண்டும். லேபர் கன்ட்ரோலர் உத்தரவிடலாம். கடமைக்கு எழுவாய் ஒருவர், அதிகாரத்துக்கு எழுவாய் மற்றொருவர். தொழிலாளியோ பெரும்பாலும் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றான்: அவனுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு. முறையிடும் வழி உண்டுதான். ஆனால் முறையிடச் செல்வோன் அன்றைய கூலியை இழக்கின்றான். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்று அஞ்சுகின்றான். முறையிடும் வாய் இருந்தும் நிற்க நிலம் இல்லையேல், அவ்வாயால் ஆவதென்ன?

பிறரால் தரப்பட்டது பிறரால் குறைக்கவும் படும். இதற்குக் கூலி நிர்ணயத்தைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. 1920-களின் இறுதியில், வசதியான வட்டாரங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயமாயிற்று. 1930-இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது அது 40, 32 என்று இறங்கிற்று. 1930 முதல் 1932 வரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். நிர்ணயம் செய்த அவைகளில் பால்மரம் வெட்டியவர் ஒருவரும் அமரவில்லை. இன்னும் ஒன்று நோக்குக. கூலி ஏறினும் இறங்கினும், பெண்ணின் கூலி ஆணின் கூலியில் ஐந்தில் நான்கே. ஒரே மரம், ஒரே கத்தி. ஆயினும் அவள் குறைந்தவள் என்று எழுத்தில் வைத்தது காப்புச் சட்டமே. மாதர் சமத்துவம் பேசும் நாம் இதனை மறத்தல் கூடாது.

1937-இல் சீனிவாச சாஸ்திரியார் தமது அறிக்கையில் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்தும்படி கூறினார். மறு ஆண்டு துரைமார் கூலியை 50, 40-இலிருந்து 45, 36 ஆகக் குறைக்க, இந்திய சர்க்கார் 1938 ஜூனில் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடுத்தது. மலிவான ஆட்கள் வந்து குவியாதபடி தடுத்தமையால் இங்கிருந்தோரின் கூலிக்கு அஃது ஓர் அரண். அதே தடை, இங்குள்ள உறவினரிடம் வர விரும்பிய ஏழைக்கு அடைத்த கதவு. தடையினால் உரிமை காக்கப்பட்டது, குறைக்கப்பட்டது என்ற இரண்டும் உண்மை. இரண்டினும் பெரிய உண்மை, அவ்விருவரில் ஒருவரையும் எவரும் கேட்கவில்லை என்பதே.

நிற்க, சர்க்கார் எழுதாத சட்டங்களையும் இந்நூலோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு, வைத்தியம், பிள்ளைகளின் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு வேறொன்றும் கேட்டனர். துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். சைக்கிளை விட்டிறங்கும் ஷரத்து எந்தச் சட்டப் புத்தகத்தில் இருந்தது? எதிலும் இல்லை. சர்க்கார் மௌனமாயிருந்த இடத்தில் தோட்டமே ஒரு சர்க்காராக நின்று அதை எழுதிற்று. ஆசிய உத்தியோகஸ்தர் என்போர் யார்? நம் கிராணிமார் வர்க்கமே. விதிகள் ஒழிந்தால் சுதந்திரம் தானே தழைக்கும் என்போர் இச்சைக்கிளின் முன் சற்று நிற்பாராக.

அவ்வேலைநிறுத்தம் முடிந்த விதமோ மற்றக் கட்சியினரின் வாயை அடைக்கும். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையிற் பணிபுரிந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். தொழிற்சங்கச் சட்டம் 1940-இலேயே பிறந்திருந்தும் அவர்களைக் காக்க அது முன்வரவில்லை. 1948 ஜூனில் அச்சட்டம் திருத்தப்பட்டு, சங்க நிர்வாகிகள் அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவமுடையவராதல் வேண்டும் என்றும், ஒரே வகைத் தொழிலின் சங்கங்களே தம்முட் கூடலாம் என்றும் ஆயிற்று. அம்மாதமே அவசரகாலமும் வந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரமும் அதனோடு வந்தது. மலாயாத் தொழிற்சங்கங்களின் பெருங்கூட்டமைப்புக்குத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்தார் என்னும் குற்றத்துக்காக 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். விசாரணையற்ற காவல் 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிலைத்து, 2012-இல் அச்சட்டம் நீங்கும்வரை நின்றது. தொழிலாளி எழுவாயாக வந்து பேசத் தொடங்கிய கணத்தில், பாதுகாப்பு என்னும் சொல்லே அவன் வாயை மூடிற்று.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்தபின் நிலைமை ஓரளவு மாறிற்று. கூலி பேசும் மேசையின் ஒரு பக்கத்தில் தொழிலாளர் பிரதிநிதி அமர்ந்தார். சங்கத்தின் குறைநிறைகள் வேறு விஷயம். வாக்கியத்தில் எழுவாய் மாறிற்று என்பதே நமக்கு இங்கு முக்கியம். ஆயினும் அந்த மேசைக்கு அப்பாற்பட்ட சட்டங்கள் பழைய இலக்கணத்தையே பின்பற்றின. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமையில்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றது. குடிமக்களின் வேலையைக் காக்கவே அது பிறந்தது. அதனாலேயே, ஆயுள் முழுதும் இம்மண்ணில் மரம் வெட்டிய பல்லாயிரம் தமிழர் சீட்டின்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினர்.

இனி இன்றைய அதிகாரம். 2013 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. தோட்டத்தில் ஆண் பெண் பேதமும், குடிமகன் அந்நியன் என்ற பேதமும் அதில் இல்லை. 40 காசையும் 50 காசையும் அறிந்தோர்க்கு இது சிறிய செய்தியன்று. ஆனால் இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுக்கும் வங்காளதேசத்தாரையும் இந்தோனேசியரையும் நேப்பாளியரையும் பாருங்கள். அவர்களது வேலைச் சீட்டு ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கின்றது. அவரை விட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டங்காணும். பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பதை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்கின்றது. அங்ஙனமிருந்தும் 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, மலேசியப் பெருந்தோட்ட நிறுவனங்கள் இரண்டின் செம்பனை எண்ணெயைக் கட்டாய உழைப்புக் குறிகள் உண்டெனத் தடுத்தபோது, அக்குறிகளுள் ஆவணங்களைப் பிடித்து வைத்தலும் ஒன்றாயிருந்தது. சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகின்றது. குலை அறுப்போன் வங்காளி மொழியில் மட்டும் படிக்க வல்லவனாயின், காப்பு இருந்தும் அவனுக்கு அது காணாப் பொருள்.

நம்மவருள் சிலர், “அந்நியனுக்கு இத்தனை சட்டம் எதற்கு?” என்று டீக்கடைகளில் பேசுவதைக் கேட்கின்றோம். இது நம் பாட்டன் காலத்தில் நம்மைப் பார்த்துப் பிறர் சொன்ன சொல். அதைச் சொல்பவன் தன் சொந்தப் பாட்டனுக்கு எதிராகச் சாட்சி கூறுகின்றான்.

ஆகவே நமது துணிபு இது. விதிகள் எத்தனை என்று எண்ணுவதால் உரிமையை அளத்தல் இயலாது. ஒவ்வொரு விதியிடமும் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும்: இதனாற் காக்கப்படுவோன் இதனைத் தன் மொழியில் அறிவானா? வேலையும் வீடும் இழக்காமல் இதனை எடுத்தாள அவனால் இயலுமா? இதனை இயற்றும்போதும் மாற்றும்போதும் அவன் சொல் கேட்கப்பட்டதா? மூன்றுக்கும் ஆம் என்னும் விதி உரிமை. அல்லாதது, இன்று நன்மையே செய்யினும், திரும்பப் பெறத்தக்க தருமம்.

முதற் கேள்விக்கு விடைகாண நாம் பார்லிமெண்டுக்குப் போகவேண்டுவதில்லை. வேலைநேரம், கூலி, ஓய்வுநாள், முறையிடும் அலுவலகம் இவற்றைப் பற்றிய விதிகளைத் தமிழிலும் வங்காளியிலும் இந்தோனேசிய மொழியிலும் நேப்பாளியிலும் ஒரு தாளில் எழுதிப் பிரட்டுக் களத்தில் மாதம் ஒருமுறை உரக்கப் படித்தல் ஒவ்வொரு தோட்டத்திலும் இயலும். பெயர் கூப்பிடும் கிராணிக்கு அதற்கு வேண்டிய குரல் உண்டு. கேட்போர்க்குக் காதும் உண்டு. கிராணிமார் சங்கங்களும் தொழிலாளர் சங்கமும் இதனைத் தொடங்கி வைப்பார்களாக.