வரைகலைக் கல்வியும் தமிழ் எழுத்தும்

யாழ்ப்பாணத்து அச்சுக்கலையின் வரலாறு ஒரு தடையுத்தரவிலே தொடங்குகின்றது. 1820ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனின் அச்சாளராக ஜேம்ஸ் காரெற் என்பவர் வந்தபோது, ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேர்ட் பார்ண்ஸ் அவரை நாட்டிலே தங்கவிடவில்லை. அச்சியந்திரம் இங்கே தங்கிற்று. அதனை இயக்கத் தெரிந்தவர் பம்பாய்க்குப் போகவேண்டியவரானார். அம்மிஷன் மானிப்பாயிலே தனது அச்சகத்தை நிறுவுவதற்கு 1834 வரை காத்திருக்க நேர்ந்தது. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையிலே சொந்த அச்சுக்கூடம் கண்டார். யார், எவரோடு, எந்த மொழியிலே பேசலாம் என்னும் அதிகாரப் பிரச்சினை இந்நாட்டு அச்செழுத்தின் பிறப்பிலேயே கலந்திருந்தது என்பதற்கு இத்துணை சான்று போதும்.

இன்று, வடமராட்சியிலோ தீவகத்திலோ வாழும் ஒரு மாணவி, எவருடைய அனுமதியும் வேண்டாமலே தன் கைத்தொலைபேசியிலே கலிபோர்னியாவின் வகுப்பறையைத் திறந்துகொள்கின்றாள். வரைகலை வடிவமைப்பும் காட்சித் தொடர்பாடலும் இப்போது இணையவழியாகக் கற்கத்தக்க பாடங்களாகிவிட்டன. சென்ற தலைமுறையில் கொழும்பிலே தங்கிப் படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே கிட்டிய அறிவு அது. இந்த மாற்றத்தை ஐயுறவோடு மட்டும் நோக்குதல் பிற்போக்காகும். ஆனால் கைக்கு வந்த பாடம் எத்தகையது, அது யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது, அதனைக் கற்றவர் எவருக்காகத் தொழில் செய்யப் போகின்றனர் என்ற வினாக்களைக் கேட்காதிருத்தலும் விமரிசனமாகாது.

மாணவர் ஏன் இணையத்தை நாடுகின்றனர் என்பதை முதலிலே விளங்கிக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே சித்திரக் கல்விக்கு மரபு இல்லாமலில்லை. 1938இல் எஸ்.ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் சித்திரக் கழகமும், பின்னர் ஓவியர் அ. மாற்கு நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகமும், பள்ளிக்கூடப் பாடத்துக்கு அப்பாலும் கலையைப் பயில இடம் தந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்திரமும் வடிவமைப்பும் கற்பிக்கப்படுகின்றன; மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே கட்புல, தொழில்நுட்பக் கலைகளுக்கு ஒரு துறை உண்டு. எனினும் இவற்றின் கதவுகள் குறுகியவை. க.பொ.த. உயர்தரத்தின் வெட்டுப்புள்ளியைத் தாண்டாதவன் வெளியே நிற்கின்றான். அச்சகத்திலே வேலை செய்துகொண்டு படிக்க விரும்புபவனுக்கும், வீட்டைவிட்டு வெளியூர் போக இயலாத பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. இணையவழிப் பாடம் இந்த வெற்றிடத்திலேதான் நுழைந்தது.

நுழைந்த பாடம் எத்தகையது? கலிபோர்னியா கலை நிறுவகம் கோர்செரா வாயிலாக வழங்கும் வரைகலைக் கற்கைநெறியை எடுத்துக்கொள்வோம். இத்துறையிலே பெயர்பெற்றது அது. இங்குள்ள இளைஞருக்கும் எட்டத்தக்கது. வடிவமைப்பின் அடிப்படைகள், எழுத்துருவியல், படிமவாக்கம், வரைகலை வரலாற்றுச் சிந்தனைகள், ஈற்றிலே புதிய வியாபார இலச்சினை ஒன்றை உருவாக்கும் செயற்றிட்டம் என ஐந்து பகுதிகள். பாடம் சீரானது, வெறும் மென்பொருட் பயிற்சியாகச் சிதைந்துவிடவில்லை, கண்ணைப் பழக்குகின்றது. பொத்தான்களை எங்கே அழுத்துவது என்று மட்டும் சொல்லித்தரும் யூரியூப் காணொளிகளோடு ஒப்பிட, இது பன்மடங்கு மேலானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆயினும் எழுத்துருவியல் என்ற இரண்டாம் பகுதிக்கு வந்தவுடனே தமிழ் மாணவன் வேற்றூரான் ஆகிவிடுகின்றான். அங்கே எழுத்து என்றால் உரோமன் எழுத்து. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள உறவு, நேர் எழுத்துக்கும் சாய்வெழுத்துக்கும் உள்ள வேறுபாடு, எழுத்தின் நுனியிலே அடிக்கட்டை உண்டா இல்லையா என்ற பிரிவு ஆகியவற்றின்மேல் அக்கலை முழுவதும் கட்டப்பட்டிருக்கின்றது. இவற்றுள் எதுவும் தமிழுக்கு இயல்பாக உரியதன்று. நமக்குப் பெரிய எழுத்தில்லை. (பௌஹவுஸ் கலைக்கூடத்தில் ஹெர்பர்ட் பையர் 1925இல் பெரிய எழுத்துக்களை ஒழித்த நெடுங்கணக்கொன்றைப் புரட்சியாக முன்வைத்தார், அந்தப் புரட்சி நமக்குத் தேவைப்பட்டதேயில்லை.) சாய்வெழுத்தும் நம் மரபிலே தோன்றியதன்று. பாடத்தை அப்படியே பின்பற்றும் மாணவன், கணினியின் உதவியால் தமிழ் எழுத்தை வலிந்து சரித்து அதனைச் சாய்வெழுத்து என்கின்றான். காற்றிலே சாய்ந்த வேலிபோல நிற்கின்றது அது. அழுத்தம் வேண்டுமிடத்தில் தடிப்பு, அளவு, வெற்றிடம், நிறம் ஆகியவற்றைக்கொண்டே தமிழ் பேசவேண்டும். இதனைச் சொல்லித்தர அப்பாடத்தில் ஆளில்லை.

தமிழெழுத்தின் உடலமைப்பே வேறு. ‘கீ’ மேலே வளைகின்றது. ‘ழு’ கீழே இறங்குகின்றது. ‘ஒள’காரம் கிடையாகப் பரந்து இடங்கேட்கின்றது. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரியிடைவெளியைத் தமிழுக்கு இட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். சொற்களோ நீண்டவை. வேற்றுமையுருபும் இடைச்சொல்லும் ஒட்டி ஒரே சொல்லாக நிற்பதனால், நாலெழுத்து ஆங்கிலச் சொல்லுக்காக வகுத்த தலைப்புக் கட்டத்தில் தமிழ்த் தலைப்பு நெரிந்துபோகின்றது. கொம்பின் கதை இன்னும் விநோதமானது. ‘கெ’ என்னும் எழுத்தைத் தட்டச்சிடும்போது மெய் முன்னே வருகின்றது, கொம்பு பின்னே வருகின்றது. திரையிலே கொம்பு இடப்பக்கம் போய் நிற்க வேண்டும. இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத வடிவமைப்பு மென்பொருள்கள் நெடுங்காலம் யூனிக்கோட் தமிழை உடைத்தே காட்டின. ஆகவே யாழ்ப்பாணத்து அச்சகங்கள் ‘பாமினி’ எழுத்துருவை விடவில்லை. ஆங்கில எழுத்துக்களின் குறியீட்டு இடங்களிலே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துரு அது. தாளிலே அழகாகத் தமிழ் தோன்றும். கணினிக்கோ அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடினால் அகப்படாது, பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கும் விளங்காது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அன்றாடம் தமிழிலே அச்சிடும் எவரையும் தொடும் இப்பிரச்சினை, உலகப் புகழ்பெற்ற பாடத்திலே ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெற வழியில்லை.

இது நுட்பக் குறை மட்டும்தானா? மும்மொழிப் பலகைகளைப் பாருங்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டத்திலே சமத்துவம் எழுதப்பட்டபின்னும், பலகையிலே தமிழ் எப்படி நிற்கின்றது? மற்றைய மொழியின் சொல்லளவுக்குக் கட்டம் வகுக்கப்படுகின்றது. தமிழ்ச் சொல் நீண்டது. ஆகவே அதனைச் சிறிதாக்கி ஒடுக்கிவிடுகின்றனர். போதாக்குறைக்கு எழுத்துப் பிழைகள் வேறு. தீய எண்ணம் எதுவுமில்லாத வடிவமைப்பாளன்கூட, தமிழெழுத்தின் அளவையறியாமையினாலே, அரசியல் அநீதிக்கு வடிவம் கொடுத்துவிடுகின்றான். மருந்துச் சுட்டியிலே, ஓய்வூதியப் படிவத்திலே, பேருந்தின் நெற்றியிலே இதே கதைதான். எழுத்தின் பருமனும் குடியுரிமையின் ஒரு பகுதி என்பதைக் காட்சித் தொடர்பாடல் கற்பவன் அறியவேண்டாமா?

இனி, கற்கைநெறியின் ஐந்தாம் பகுதி. கற்பனையான ஒரு வியாபார நிறுவனத்தைப் படைத்து, அதற்கு இலச்சினையும் தோற்றமும் அமைப்பதே இறுதிப் பயிற்சி. கற்றதன் பயன் முழுவதும் இல்லாத ஒரு முதலாளிக்குப் பணிபுரிவதிலே வந்து முடிகின்றது. இது தற்செயலன்று. பாடம் முடித்த இளைஞன் அடுத்து வந்து சேரும் இடம் ஃபைவர் போன்ற சந்தை. 2010இல் தொடங்கிய அந்நிறுவனம், ஒரு வேலைக்கு ஐந்து டொலர் என்ற கணக்கிலேதான் பெயரே சூட்டிக்கொண்டது. உழைப்பவன் பெறும் கூலியிலே நூற்றுக்கு 20 பங்கைத் தரகாக எடுத்துக்கொள்கின்றது. பீடி சுற்றும் தொழிலாளிக்குக் கட்டுக் கணக்கிலே கூலி கொடுத்த முறைக்கும் இதற்கும் அடிப்படையிலே வேறுபாடு இல்லை. தொழிலாளர் ஓரிடத்திலே கூடாதபடி ஒவ்வொருவரையும் தத்தம் வீட்டிலே தனித்திருக்கச் செய்தது ஒன்றே புதுமை. வேலையற்ற இளைஞனுக்கு அந்த டொலரும் வேண்டியிருக்கின்றது என்பதை நான் மறக்கவில்லை. அதனைத் தேடுபவனைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

டொலரைப் பற்றிப் பேசும்போது 2022ஐ நினைவுகூர்தல் தகும். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. டொலரில் மாதச் சந்தா வாங்கும் மென்பொருளும் கற்கைநெறியும் ஒரு பருவத்துக்குள்ளே ஏறக்குறைய இருமடங்கு விலையாயின. மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லை. 1990கள் முழுவதும் தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டு, பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய் விளக்கிலே படித்த குடாநாட்டுக்கு இருள் புதிதன்று. ஆனால் அன்று கையிலிருந்த பாடப்புத்தகம் விளக்கு வெளிச்சத்திலும் திறந்தது. இணையவழிக் கல்வி எல்லோருக்கும் பொதுவானது என்று கூறுவோர் இவற்றைக் கணக்கிலே சேர்ப்பதில்லை. இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் இருக்கவும், நம் பயிற்சி நிலையங்கள் சந்தா மென்பொருளையே கல்வி என்று விற்பது இன்னொரு கேடு.

இக்கற்கைநெறியிலே மாணவர் ஒருவர் வேலைக்கு மற்றவர் புள்ளியிடுகின்றனர். பல்லாயிரவர் பயிலும் வகுப்பில் வேறு வழியும் இல்லை. இப்போது மேற்சொன்ன வடமராட்சி மாணவி தமிழிலே ஒரு சுவரொட்டி செய்து அனுப்புகின்றாள் என்று கொள்வோம். பிரேசிலிலோ போலந்திலோ இருக்கும் சக மாணவன் அதனைப் பார்க்கின்றான். வளைவுகள் அழகாக இருக்கின்றன என்பான். அது வாசிக்கத்தக்கதா, சொற்பிரிப்புச் சரியா, தொனி மரியாதையானதா என்று அவனால் சொல்லமுடியாது. அவள் எழுத்து அவனுக்கு வெறும் கோலம். இதனை இரண்டுமுறை அனுபவித்தவள் மூன்றாம் முறை ஆங்கிலத்திலே செய்து அனுப்புவாள். எவரும் தடைவிதிக்காமலே தமிழ் வகுப்பறையை விட்டு வெளியேறிவிடுகின்றது. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு எனப் பிரித்து உருவத்துக்கு மட்டும் புள்ளியிடும் பழைய அழகியல் வாதம், இயந்திர வசதியோடு மீண்டும் வந்திருக்கின்றது.

அதற்காக, நம்முடைய சுவர்களிலே இன்று உள்ளவையெல்லாம் மேலானவை என்று எவரும் வாதாட வேண்டியதில்லை. ரியூசன் நிலையங்களின் சுவரொட்டிகளையும் பூப்புனித நீராட்டு விழாப் பதாகைகளையும் பார்த்தால் கண் வலிக்கின்றது. ஒரே பலகையில் ஏழு நிறம், எழுத்தைச் சுற்றி இரட்டைக் கரை, அதற்கும் ஒரு நிழல். வெற்றிடம் விட்டால் பணம் வீணாயிற்று என்று எண்ணும் மனம் அது. இந்த இடத்திலே கலிபோர்னியப் பாடம் கற்பிக்கும் அடக்கம் நமக்கு மெய்யாகவே வேண்டியது.

ஆனால் இதே மண்ணிலே, எந்தப் பாடத்திட்டமும் கவனியாத வடிவமைப்பு மரபொன்றும் உண்டு. அந்தியேட்டி நாளிலே வழங்கப்படும் நினைவு மலரை இங்கே ‘கல்வெட்டு’ என்பர். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, திருமுறைப் பாடல்கள், நன்றியுரை என்று அதற்கு ஓர் அமைப்பு உண்டு. வம்சாவளியைத் தாளிலே கிளைகிளையாக வகுப்பது எளிதன்று. யாரை எந்தக் கிளையிலே எந்த அளவிலே வைப்பது என்பதில் சாதியும் சீதனமும் புலப்பெயர்வும் பேசுகின்றன. ஊரின் சமூக வரலாற்றை இதைப்போலத் திறந்துகாட்டும் வேறொரு அச்சுப் பொருளைக் காண்டல் அரிது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம் இவற்றைத் திரட்டிப் பாதுகாத்து வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரிலே, அற்பமென்று ஒதுக்கிய மலருக்கும் பெறுமதி உண்டு.

முகமாலையிலே ஆண்டுக்கணக்காக நின்ற கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளும் காட்சித் தொடர்பாடலே. சிவப்பு நிலம், மண்டையோடு, சில சொற்கள். மாடு மேய்க்கும் சிறுவன் ஒரு கணத்திலே விளங்கிக்கொள்ளாவிட்டால் கால் போய்விடும். அழகியலை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும் தேர்வு வேறில்லை. 2011இல் தா. சனாதனன் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் நூலையும் இங்கு சொல்லவேண்டும். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளின் தளவரைபை நினைவிலிருந்து வரைய, அதனைக் கட்டடக்கலைஞர் ஒழுங்கான கோடுகளாக்க, பின்னர் ஓவியர் தம் சித்திரத்தைச் சேர்க்க, 80 வீடுகள் அதிலே பதிவாயின. ஒல்லாந்தன் நிலவரி வாங்குவதற்காக எழுதிய தோம்பு, இழந்தவனின் சாட்சியமாக மாறிற்று. நடுங்கும் கையால் இட்ட கோட்டைத் திருத்தாமல் விட்டதே அதன் வலிமை. விற்பனைக்குரிய இலச்சினையை வரையும் பாடம் இதனை எந்த அளவுகோலால் அளக்கும்?

மேலைநாட்டிலும் வேறொரு பாதை இருந்தது. 1925இல் சோசலிஸ்டுகள் ஆண்ட வியன்னா நகரிலே ஒட்டோ நொய்ராத் ஓர் அருங்காட்சியகம் நிறுவி, வீடு, பிறப்பு, நோய், கூலி பற்றிய புள்ளிவிபரங்களை உழைப்பாளர் விளங்கும் படக்குறிகளாக்கினார். 1934இல் எதிர்ப்புரட்சி வென்றபோது அவர் நாடுவிட்டு ஓட நேர்ந்தது. அவர் மனைவி மரீ நொய்ராத் 1950களிலே மேற்கு நைஜீரியாவின் மக்களுக்காக அம்முறையைத் தொடர்ந்தார். பௌஹவுஸிலே ஆடம்பரத்துக்கன்றி மக்கள் தேவைக்கே வடிவமைப்பு என்று வற்புறுத்திய ஹன்னஸ் மையர் 1930இல் பதவிநீக்கம் செய்யப்பட்டார். நம் இளைஞரின் திரைக்கு வந்து சேரும் பௌஹவுஸோ, நீல வட்டமும் சிவப்புச் சதுரமும் மஞ்சள் முக்கோணமும் கொண்ட ஆயத்த அச்சுவார்ப்பு.

இணையத்திலுள்ள பாடத்தை மாணவர் தாராளமாகப் படிக்கட்டும். அதனோடு கூட, தமிழெழுத்தைப் பற்றிய பாடமொன்றைத் தமிழிலே எழுதி, கட்டணமின்றி அதே இணையத்தில் இடுவது ஆசிரியர்க்கு ஆகாத காரியமன்று. அச்சுக்கோப்புக் காலத்துத் தொழிலாளர் சிலர் இன்னும் வாழ்கின்றனர். ஈய எழுத்தின் இடைவெளியை விரலால் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்யலாம். விடுமுறை நாளிலே வாசிகசாலையொன்றில் பத்துப்பேர் கூடி, திரையிலே பார்த்த பாடத்தைத் தமிழிலே செய்து, ஒருவர் வேலையை மற்றவர் வாசித்துத் திருத்தலாம். இறுதிப் பயிற்சியாக இல்லாத நிறுவனத்துக்கு இலச்சினை வரைவதற்குப் பதில், அரசாங்க வைத்தியசாலையிலே மாத்திரை போட்டுக் கொடுக்கும் கடதாசி உறையை எடுத்துக்கொள்ளலாம்: காலை எத்தனை, இரவு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை, கண்பார்வை மங்கிய கிழவி ஒருத்தி பிறரைக் கேளாமல் அறியும்படி அமைத்து, முதலில் அவளிடமே கொடுத்துப் பார்க்கலாம்.